பகல் வெயிலைப் பார்த்து நாற்று நடாதீர்கள்: கொலராடோவில் ஒரு கொல்லைத் தோட்டம்

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஆனதும் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிற எங்கள் ஊர்க் கடைகளில் தக்காளி நாற்று, மிளகாய் நாற்று எல்லாம் வாசலிலேயே அடுக்கி வைத்துவிடுவார்கள். வெளியே 22 டிகிரி வெயில் இதமாக அடிக்கும். இந்தியாவிலிருந்து புதிதாக வந்து வீடு வாங்கியவர்கள் அதைப் பார்த்ததும் நாலு செடி வாங்கிப்போய் அன்றைக்கே நட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் ஒரு ராத்திரி பனி விழும். மறுநாள் எனக்குப் போன் வரும்: "அக்கா, செடியெல்லாம் வெந்நீர் ஊத்தின மாதிரி கறுத்துத் தொங்குது, என்ன செய்யறது?" ஒன்றும் செய்ய முடியாது, மே கடைசியில் வேறு வாங்கி நட வேண்டியதுதான். ஒவ்வொரு வருடமும் இதையே போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் பிறந்தவள். வறண்ட பூமி எனக்குப் புதிது இல்லை. இப்போது இருப்பது டென்வருக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். டென்வரின் உயரம் 1,609 மீட்டர், சரியாக ஒரு மைல், அதனால்தான் அதற்கு மைல் உயர நகரம் என்று பெயர். வருடத்துக்கு மழையும் பனியும் சேர்த்து 360, 370 மில்லிமீட்டர் விழுந்தால் அதிகம். தமிழ்நாட்டுச் சராசரியில் பாதிகூட இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று மலையை நினைத்தால் நமக்கு ஈரமும் பாசியும்தானே ஞாபகம் வரும், இங்கே மலை என்றால் உதடு வெடிக்கிற வறட்சி. மதியத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போவது சாதாரணம்.

இந்த வறட்சிதான் எல்லாவற்றுக்கும் மூலம், ஆனால் தண்ணீர்ப் பற்றாக்குறை என்கிற அர்த்தத்தில் மட்டும் சொல்லவில்லை. காற்றில் ஈரம் இருந்தால் பகலில் பூமி வாங்கிய சூட்டை ராத்திரி கொஞ்சம் பிடித்து வைக்கும். இங்கே பிடித்து வைக்க ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்ததும் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் 15, 17 டிகிரி வித்தியாசம் அன்றாடம் நடக்கிற விஷயம். ஜூலை நடுவில், பகலில் 34 டிகிரி கொளுத்தும்போதுகூட விடியற்காலையில் 15 டிகிரிதான் இருக்கும். நம் ஊர்க் காய்கறிகள் எல்லாம் ராத்திரியும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்பி வளர்கிற ஜாதி. அதனால் இந்த ஊரில் எதை எப்போது நடுவது என்பதை நான் பகல் வெயிலை வைத்து முடிவு செய்வதே இல்லை. போனில் வானிலை பார்த்தால் குறைந்தபட்ச வெப்பநிலை என்ற ஒரே எண்ணைத்தான் பார்ப்பேன். தக்காளிக்கு ராத்திரி தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல், கத்தரி, மிளகாய்க்கு 13க்கு மேல், வெண்டைக்கு அதைவிடவும் கூட.

டென்வரில் கடைசி உறைபனி சராசரியாக மே முதல் வாரம், முதல் உறைபனி அக்டோபர் முதல் வாரம். இந்தச் சராசரியை நம்பித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சராசரி என்றால் ஏறக்குறைய பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறையும் என்றுதானே அர்த்தம்? இங்குள்ள பழைய ஆட்கள் அன்னையர் தினம் (மே இரண்டாவது ஞாயிறு) கழிந்துதான் நட வேண்டும் என்பார்கள். 2022ல் அதுவும் பலிக்கவில்லை. மே 19 அன்று கோடை வெயில், 20 ராத்திரியும் 21ம் தேதியும் பனி கொட்டி மரக்கிளைகள் எல்லாம் முறிந்து விழுந்தன. அதிலிருந்து எங்கள் வீட்டில் தக்காளி மே 25க்கு மேல்தான். நீங்கள் இன்னும் மேற்கே மலைக்குள் 2,500 மீட்டர் உயரத்தில் இருந்தால் என் கணக்கு உங்களுக்கு உதவாது. அங்கே உறைபனி இல்லாத நாட்கள் இரண்டு, மூன்று மாதம் தேறினாலே பெரிது. கீரையும் முள்ளங்கியும் பட்டாணியும் போட்டு சந்தோஷமாக இருங்கள்.

அவசரம் தாங்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தண்ணீர் நிரப்பி செடியைச் சுற்றி நிறுத்துகிற பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள், வால் ஓ வாட்டர் என்று கேட்டால் தெரியும். பகலில் தண்ணீர் சூடாகும், ராத்திரி மெதுவாக அந்தச் சூட்டை வெளியே விடும். உறைகிற நேரத்திலும் தண்ணீர் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டேதான் உறையும், அந்த வெப்பம் உள்ளே இருக்கும் செடியைக் காப்பாற்றிவிடும். இதை வைத்து இரண்டு, மூன்று வாரம் முன்னாடியே தக்காளி நடலாம். ஆனால் நட ஒரு வாரம் முன்பே வெறும் வளையத்தை வைத்து மண்ணைச் சூடாக்கிவிட வேண்டும். குளிர்ந்த மண்ணில் நட்ட தக்காளி சாகாது, வளரவும் செய்யாது, ஒரு மாதம் அப்படியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் மே கடைசியில் நட்டது அதை முந்திக்கொண்டு போகும்.

வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேராக வெளியே கொண்டுபோய் நடவும் கூடாது. இந்த உயரத்து வெயிலில் புற ஊதா அதிகம், காற்றும் விடாமல் அடிக்கும். ஒரே நாளில் இலை வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தொல்லைதான். சனிக்கிழமை ஆரம்பித்து, வார நாட்களில் வீட்டுக்கு வடக்குப் பக்க நிழலில் காற்று அடிக்காத மூலையில் வைத்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

சரி, மண். நான் அம்மாவிடம் கற்ற பாதி விஷயம் இங்கே தலைகீழ். அடுப்புச் சாம்பலைச் செடிக்குத் தூவு, பூச்சி வராது என்பார் அம்மா. அவருடைய செம்மண்ணுக்கு அது சரி. இங்கே மண் ஏற்கனவே காரம், கார அமில எண் (pH) 7.5லிருந்து 8 வரை நிற்கும். சாம்பல் போட்டால் இன்னும் ஏறும். முட்டை ஓடு போடுவதும் வீண் வேலை, மண்ணில் சுண்ணாம்பு தேவைக்கு மேல் கிடக்கிறது. தக்காளிப் பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று நினைத்து எல்லோரும் முட்டை ஓட்டைத் தேடுவார்கள். இங்கே அது தண்ணீர் சீராகப் போகாததால் வருவது, சத்து மண்ணில் இருந்தும் செடிக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த பழங்களில் நின்றுவிடும்.

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. ஒரு கைப்பிடி காய்ந்த மண் எடுத்து அதில் சமையல் வினிகர் கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. நுரைக்கிற மண்ணில் கந்தகம் போட்டுக் காரத்தைக் குறைக்கிறேன் என்று பணத்தைச் செலவு செய்யாதீர்கள், போடுகிற கந்தகத்தை எல்லாம் அந்தச் சுண்ணாம்பே தின்றுவிடும். புளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும், ஆசை இருந்தால் தொட்டியில் வையுங்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்து எட்டாததின் அடையாளம். அதற்கு வெறும் இரும்பு உப்பு போட்டால் ஒரு பயனும் இருக்காது. உறையைப் பார்த்து ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்ட இரும்பு உரமாக வாங்க வேண்டும், கார மண்ணில் வேலை செய்வது அதுதான். ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினால் எழுதிக் கொடுப்பார்கள்.

தொழுஉரம் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாட்டுச் சாண உரத்தில் உப்பு அதிகம், மழை குறைவான ஊரில் அந்த உப்பைக் கழுவிக் கீழே தள்ள ஆள் இல்லை. வருடா வருடம் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் பீன்ஸ், கேரட் எல்லாம் முளைக்கவே யோசிக்கும். நான் இலை உரமும் சமையலறைக் கழிவு மக்கியதும்தான் அதிகம் போடுகிறேன். இரண்டாவது இன்னும் மோசம். குதிரைப் பண்ணைகளில் இலவசமாகச் சாணம் தருவார்கள், அந்தக் குதிரை தின்ற வைக்கோலில் களைக்கொல்லி தெளித்திருந்தால் அது குதிரை வயிற்றையும் தாண்டி, மக்கிய பிறகும் மண்ணில் இருக்கும். தக்காளி, பீன்ஸ் இலைகள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் எந்த உரம் வந்தாலும் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் போட்டு நாலு பீன்ஸ் விதை ஊன்றிப் பார்ப்பேன். மூன்று வாரத்தில் இலை நேராக விரிந்தால் பாத்திக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு.

தண்ணீருக்கு வருவோம். இதைக் கேட்டால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்: கொலராடோவில் 2016 ஆகஸ்ட் வரை, பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தங்கள் கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பது சட்டவிரோதம். 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, அப்பா அதற்காகத் தொட்டி கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே கணக்கு வேறு. ஆற்றுத் தண்ணீரில் யார் முதலில் உரிமை வாங்கினார்களோ அவர்களுக்குத்தான் முதல் பங்கு, உங்கள் கூரையில் விழுந்ததும் கீழே எங்கேயோ இருக்கிற ஒரு விவசாயிக்குச் சேர வேண்டியது என்று வாதம். இப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன், அதாவது சுமார் 416 லிட்டர் வரை பிடித்துத் தோட்டத்துக்கு விடலாம். கூரை ஓடு தார் பூசியதாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கீரை இலை மேல் ஊற்றாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். ஆனால் 416 லிட்டர் ஜூலை மாதத்துக்கு எந்த மூலைக்கு? நான் பீப்பாய் வைத்திருப்பது பாதி ஆசைக்காகத்தான்.

உண்மையில் தண்ணீரை மிச்சம் பிடிப்பது மூடாக்கும் சொட்டுநீரும்தான். களைக்கொல்லி படாத புல் வெட்டியதையோ வைக்கோலையோ நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் தண்ணீர் செலவு நன்றாகவே குறையும். ஆனால் மே மாதத்தில் மூடாக்குப் போடக் கூடாது, மண் சூடேறாது. ஜூன் நடுவில் போடுங்கள். களிமண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், மேலே ஈரமாகத் தெரியும், நாலு அங்குலம் கீழே தூசி பறக்கும். ஒரு நீளமான திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்குகிற ஆழம் வரைதான் ஈரம். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுவது மேல், விதைத்த பாத்தி தவிர.

விதைத்த பாத்திதான் இந்த ஊரில் கண்டம். காலையில் நனைத்தால் மதியம் மேல் மண் ஓடு மாதிரி இறுகிவிடும், கேரட்டோ கொத்தமல்லியோ அதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. பாசுமதி அரிசி வருகிற சணல் பை இருக்கிறது இல்லையா, அதைப் பிரித்து நனைத்து விதைத்த பாத்தி மேல் விரித்துவிடுவேன். சாக்கு ஈரமாக இருந்தால் போதும். முளை தெரிந்த அன்று மாலையே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் முளை சாக்கு இழைக்குள் புகுந்துவிடும், பிடுங்கினால் கையோடு வரும்.

எந்தக் காய் வரும், எது வராது என்பதுதான் எல்லோரும் கேட்பது. வெந்தயக்கீரை, முள்ளங்கி, பாலக், பட்டாணி எல்லாம் மார்ச் கடைசியிலேயே விதைக்கலாம், லேசான உறைபனி ஒன்றும் செய்யாது. கொத்தமல்லியும் அப்போதே. ஜூன் வெயில் வந்ததும் அது பூத்துவிடும், விதைக்கு விட்டுவிடுங்கள், தானே கொட்டி அடுத்த வருடம் முளைக்கும். தண்டுக்கீரை ஜூன் தொடங்கிப் போட்டால் காடாக வளரும். இதில் ஒரு வேடிக்கை, பருப்புக்கீரை இங்கே களை. எல்லோரும் பிடுங்கி எறிகிறார்கள், நான் பிடுங்கிப் பாசிப்பருப்போடு கடைகிறேன். ஆனால் அதே மாதிரி தரையோடு படர்கிற இன்னொரு களை கூடவே வரும், தண்டை உடைத்தால் பால் வடியும். அது விஷம். பால் வருவதைத் தொடாதீர்கள், பருப்புக்கீரைத் தண்டில் பால் வராது.

தக்காளியில் நாள் குறைந்த ரகம்தான் புத்திசாலித்தனம். எர்லி கேர்ள், சன்கோல்ட் மாதிரி நட்டு இரண்டு மாதத்தில் பழுக்கத் தொடங்குகிறவை. பெரிய பெரிய நாட்டுப் பழ ரகங்கள் உறையில் 80, 85 நாள் என்று போட்டிருக்கும், நம் குளிர்ந்த இரவில் அது மூன்றரை மாதம் இழுக்கும், பழுக்கும்போது பனி வந்துவிடும். ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது, பகலில் 35ஐத் தாண்டினாலும் கொட்டும். ஜூலையில் பூவெல்லாம் உதிர்கிறதே என்று உரம் அள்ளிப் போடாதீர்கள். வெயில் தணிந்ததும் தானே பிடிக்கும். மதிய வெயிலுக்கு 30, 40 சதவீத நிழல்வலை கட்டினால் மிளகாய், தக்காளி தோல் வெந்துபோவது நிற்கும்.

கத்தரி தரையைவிடத் தொட்டியில் நன்றாக வருகிறது. கறுப்புத் தொட்டி, தெற்குப் பார்த்த செங்கல் சுவர் ஓரம். சுவர் பகல் சூட்டை ராத்திரி பத்து மணி வரை விட்டுக்கொண்டிருக்கும். இலையெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை விழுந்தால், கடுகு அளவு கறுப்பு வண்டு, தொட்டால் துள்ளும். சின்னச் செடியாக இருக்கும்போது மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி, பூ வந்ததும் எடுத்துவிடுங்கள். வெண்டைக்கு மண் 20 டிகிரியாவது இருக்க வேண்டும், ஜூன் முதல் வாரத்துக்கு முன் ஊன்றினால் அழுகும். கறுப்பு பிளாஸ்டிக் விரித்து ஓட்டை போட்டு ஊன்றினால் வரும், ஆனால் நம் ஊர் மாதிரி ஆள் உயரம் எதிர்பார்க்காதீர்கள். சுரைக்காய் அருமையாக வரும், பூ சாயங்காலம்தான் விரியும், அப்போது கையால் ஆண் பூவைக் கொண்டுபோய்ப் பெண் பூவில் தடவிவிட்டால் காய் நிச்சயம். பாகல் ஆகஸ்டில் கொஞ்சம் காய்க்கும். புடலையை நான் விட்டுவிட்டேன்.

அவரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடி தழைதழை என்று வேலி முழுக்க ஏறும், ஒரு பூகூட இருக்காது. இங்குள்ள தமிழ் வீடுகளில் எல்லாம் இந்தப் புலம்பல்தான், விதை சரியில்லை, மண் சரியில்லை என்று. காரணம் பகல் நீளம். நம் கொடி அவரை, பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஊரில் ஆடியில் போட்டு மார்கழி, தையில் காய்ப்பது அதனால்தான். டென்வர் இருப்பது ஏறக்குறைய 40 டிகிரி வடக்கே, ஜூனில் பகல் 15 மணி நேரம். அது 12 மணி நேரத்தை ஒட்டி வருவதற்குள் செப்டம்பர் பாதி போய்விடும், பூ எடுத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் உறைபனி. அதனால் பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கிற குத்து அவரை ரகம்தான் தேட வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அப்படிப்பட்டவை. ஊருக்குப் போகும்போது பையில் விதைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு வராதீர்கள், தாவர நலச் சான்றிதழோ அனுமதியோ இல்லாத விதையை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. அமெரிக்காவிலேயே இந்திய விதை விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கும்போது குத்து ரகமா, எத்தனை நாளில் பூக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

கறிவேப்பிலை தொட்டியில்தான். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும் முன், அதாவது செப்டம்பரிலேயே உள்ளே எடுத்துவிடுவேன். உள்ளே வந்ததும் அதற்கு எதிரி குளிர் இல்லை, ஹீட்டர். வீட்டுக்காற்று அவ்வளவு காய்ந்து கிடக்கும், சிவப்புச் சிலந்திப்பூச்சிக்கு அது கொண்டாட்டம். வாரம் ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் படும்படி நன்றாகக் கழுவிவிடுங்கள், மருந்தே வேண்டாம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் அழுகித்தான் முக்கால்வாசிச் செடி சாகிறது.

ஆலங்கட்டி மழையை எழுதாமல் கொலராடோ தோட்டம் எழுத முடியாது. மே முதல் ஆகஸ்ட் வரை, மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் கறுத்தால் நெஞ்சு பதறும். 2017 மே 8 அன்று டென்வரின் மேற்குப் பக்கம் விழுந்த ஆலங்கட்டியில் சுமார் 230 கோடி டாலருக்கு காப்பீட்டுச் சேதம், மாநிலம் அதுவரை கண்டிராத தொகை. கார் கண்ணாடிக்கே அந்தக் கதி என்றால் கத்தரிச் செடி எம்மாத்திரம். பாத்தி மேல் வளைந்த பிளாஸ்டிக் குழாய் நட்டு, ஆலங்கட்டி வலையை மே மாதம் கட்டினால் செப்டம்பர் வரை எடுப்பதே இல்லை. மழைத் தண்ணீரும் வெயிலும் உள்ளே வரும், கட்டி தெறித்துவிடும். மழை வரும்போது ஓடிப்போய் மூடலாம் என்பது நடக்காத காரியம், ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அடி வாங்கிவிட்டால் உடனே பிடுங்கிப் போடாதீர்கள். கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும் இலையைக்கூட விட்டுவைத்து ஒரு வாரம் பாருங்கள், தக்காளி பெரும்பாலும் பக்கக் கிளை விட்டு எழுந்துவிடும்.

செப்டம்பரில் மறுபடியும் அந்தக் குறைந்தபட்ச எண்ணைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். 2020ல் செப்டம்பர் 5 அன்று டென்வரில் 38 டிகிரி, மூன்றே நாளில் 8ம் தேதி பனி. அப்படி வரும்போது சின்னச் செடிகளைப் பழைய போர்வையால் தரை வரை மூடலாம், போர்வை மண்ணைத் தொட்டால்தான் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். பிளாஸ்டிக் இலையில் படக் கூடாது. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அப்புறம் மூன்று வாரம் நல்ல வெயில் கிடைக்கும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு. மூட முடியாத தக்காளியைக் காயாகவே பறித்துவிடுங்கள். லேசாக வெளுத்த காய் வீட்டுக்குள் காகிதப் பையில் பழுக்கும், கரும்பச்சைக் காய் பழுக்காது, அதைப் புளி குறைத்துத் தொக்கு செய்துவிடுங்கள்.

அப்புறம் வற்றல். இந்த வறட்சியை இத்தனை நேரம் திட்டிவிட்டேன், இந்த ஒரு விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மோர்மிளகாய் ஊரில் ஒரு வாரம் காய வைத்து, நடுவில் மழை வந்து பூஞ்சை பிடித்து... இங்கே இரண்டு, மூன்று நாளில் நொறுங்குகிற பதம் வந்துவிடுகிறது. கத்தரி வற்றல் இன்னும் சீக்கிரம். அம்மாவிடம் வீடியோவில் காட்டினால் "கண்ணு, அங்கன என்ன அடுப்புல வெச்சுக் காய வெக்கிறியா?" என்று கேட்கிறார். காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு வலை போட்டால் போதும், அணில் தொல்லைக்கும் அதுவே.

அக்டோபரில் செய்ய வேண்டியது மூன்று. தோட்டக் குழாயிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே விட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து சுவருக்குள் இருக்கிற குழாய் வெடிக்கும், பிளம்பர் செலவு ஒரு வருடக் காய்கறிச் செலவை விழுங்கும். பழமரம் இருந்தால் குளிர்காலத்திலும் தண்ணீர் வேண்டும். இங்கே ஜனவரியில்கூடப் பல வாரம் பனியே விழாமல் மண் காய்ந்து கிடக்கும், இலை இல்லாத மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டால் வேர் செத்து, மரம் அடுத்த கோடையில்தான் காட்டும். மாதம் ஒருமுறை, 4 டிகிரிக்கு மேல் இருக்கிற நாளின் மதியத்தில், அடிமரத்தின் விட்டம் ஒரு அங்குலத்துக்கு 10 காலன் என்ற கணக்கில் ஊற்றி, குழாயைத் திரும்பக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது பூண்டு. நடுத்தண்டு உள்ள ரகம் வாங்கி, பல்லைப் பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோல் போட்டுவிட்டு மறந்துவிடலாம். 2022 டிசம்பர் 22 காலையில் டென்வர் விமான நிலையத்தில் மைனஸ் 31 டிகிரி வரை போனது. அந்தக் குளிரில் எங்கள் ரோஸ்மேரிச் செடி போய்விட்டது, பூண்டு வைக்கோலுக்கு அடியில் ஒன்றும் ஆகாமல் கிடந்து மார்ச்சில் தலை நீட்டியது. ஜூனில் நடுத்தண்டு சுருண்டு வரும், அதை ஒடித்துப் பொரியல் செய்யலாம், ஒடித்தால்தான் கீழே பூண்டும் பருக்கும். ஜூலை நடுவில் அடி இலைகள் பாதி காய்ந்ததும் தோண்டிவிடுங்கள். அந்தப் பாத்தி காலியாகிற நேரம் சரியாக ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழையை நம்பிச் சொன்னது, இங்கே அந்த மழை கிடையாது, ஆனால் முதல் உறைபனிக்கு முன் இரண்டு, இரண்டரை மாதம் மிச்சம் இருப்பது அப்போதுதான். முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் சாக்குக்கு அடியில் முளைக்க விட்டு, முளைத்ததும் மதியத்துக்கு நிழல்வலை கட்டிவிடுங்கள். ஆகஸ்ட் 15க்கு மேல் பீட்ரூட் வேண்டாம், முள்ளங்கியும் கீரையும் மட்டும்.